மேசைக்கு மூன்றாவது ஆள்

எங்கள் தெருவில் ஃபெங்தாவ் என்ற பெயரைச் சொன்னால் எல்லாருக்கும் இரண்டு விஷயம்தான் ஞாபகம் வரும். ஒன்று, அவள் கடை மாட்டிறைச்சி நூடுல்ஸ். இன்னொன்று, அவள் கவிழ்த்த மேசைகள். நூடுல்ஸைப் பற்றி விளம்பரம் தேவையில்லை, காலை ஆறு மணிக்கு வரிசையில் நிற்கிறவர்களே சொல்வார்கள். மேசைக் கதை அவள் கல்யாணத்தன்றே தொடங்கிவிட்டது.

அன்றைக்கு விருந்துக்குப் பன்னிரண்டு மேசை போட்டிருந்தார்கள். மணமக்கள் மேசை மேசையாகப் போய்ச் சொந்தக்காரர்களுக்கு மது ஊற்றி மரியாதை செய்ய வேண்டும். மூன்றாவது மேசை முடிந்து திரும்பினால் மாப்பிள்ளையைக் காணோம். மணப்பெண் தனியாக நிற்கிறாள், ஊர் வாய்க்குக் கேட்கவா வேண்டும். கடைசியில் சமையல் கொட்டகைக்குப் பின்னால், முட்டைக்கோஸ் குவியலுக்குப் பக்கத்தில், நெஞ்சில் குத்திய சிவப்புப் பூவோடு மாப்பிள்ளை பெய்ஷான், சீன எண்களை மட்டும் எழுதிய எழுத்துச் சீட்டு ஆடிக்கொண்டிருந்தார். கேட்டதற்கு, ரெண்டு பேர்தான் இருந்தார்கள், ஆட்டத்துக்கு மூன்று பேர் வேண்டும், பார்க்கப் பாவமாக இருந்தது என்றார். ஃபெங்தாவ் கையில் இருந்த மதுக் குடுவையை முட்டைக்கோஸ் மேல் பத்திரமாக வைத்தாள், பட்டுச் சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டாள், மேசையின் ஓரத்தைப் பிடித்துத் தூக்கினாள். எண்பது சீட்டும் சாக்கடையில் மிதந்தன.

அதற்கப்புறம் முப்பத்தோரு வருஷம் அந்த வீட்டுக்குள் சீட்டு நுழையவில்லை. பெய்ஷான் மாவட்டப் பேருந்து ஓட்டினார். வண்டியை நிறுத்திவிட்டுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருந்த சீட்டு மண்டபத்துக்குப் போவார். அங்கேயும் ஃபெங்தாவ் இரண்டு தடவை போய் மேசையைக் கவிழ்த்திருக்கிறாள். உண்மையைச் சொன்னால் பெய்ஷான் சீட்டில் எதையும் தோற்று வீட்டுக்குத் துன்பம் கொண்டுவந்தவர் இல்லை. அவள் கோபம் வேறு. வீட்டில் அவளோடு உட்கார்ந்து இரண்டு வார்த்தை பேச நேரமில்லாத மனுஷன், அங்கே ஒரு விரல் அகலச் சீட்டை மூன்று மணி நேரம் ஆசையாகப் பார்த்துக்கொண்டிருப்பார். சக்களத்தி பெண்ணாக இருந்தால் முடியைப் பிடித்து இழுக்கலாம். சீட்டுக்கு ஏது முடி?

போன புத்தாண்டு முடிந்த பத்தாம் நாள் பெய்ஷானுக்குப் பக்கவாதம் வந்தது. பேருந்து ஓட்டின வலது கை தொங்கிப் போயிற்று. தெருமுனையில் பேசினால் ஆற்றங்கரையில் கேட்கும் குரல் குழறலாகிவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர் கடையின் உள்பக்கம் மூங்கில் நாற்காலியில் உட்கார்ந்தார், சுவரைப் பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். மகள் சாங்ஷாவிலிருந்து வந்து பத்து நாள் இருந்து அழுதுவிட்டுப் போனாள்.

வாரம் ஒரு முறை பிசியோதெரபிப் பெண் வருவாள். சின்ன வயது, ஆனால் வாயில் சர்க்கரை தடவிப் பேசத் தெரியாதவள். ஃபெங்தாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டாள்.

"ஆறு மாசம் வரைக்கும்தான் அத்தை கை வேகமாத் திரும்பும். அதுக்கப்புறம் கஷ்டம். நீங்க தூக்கி அசைச்சு விடறது மட்டும் போதாது. அந்தக் கையே எதையாவது வேணும்னு ஆசப்பட்டுப் புடிக்கணும்."

ஆசைப்பட என்ன இருக்கிறது? நீல நிற ரப்பர் பந்து ஒன்றைக் கொடுத்து அமுக்கச் சொன்னார்கள். பெய்ஷான் அதை இடது கையால் எடுத்து ஒரு நாள் வீசினார். பந்து போன இடம் யாருக்கும் தெரியவில்லை. மறுநாள் காலை தபால்காரர் தன் கிண்ணத்திலிருந்து அதைச் சாப்பாட்டுக் குச்சியால் தூக்கிக் காட்டி, இது புது வகை இறைச்சி உருண்டையா, விலை கூடுதலா என்று மரியாதையாகக் கேட்டார். ஃபெங்தாவ் ஒரு முழு அண்டா சூப்பைக் கீழே கொட்ட வேண்டியதாயிற்று. கொட்டிவிட்டுப் பின்கட்டில் நின்று முதல் முறையாக அழுதாள். நான்கு மாதம் அப்படியே போய்விட்டது.

பெய்ஷானைப் பார்க்கத் தவறாமல் வந்துகொண்டிருந்தது குவாங் ஒருவர்தான். நூடுல்ஸ் கடைக்கு அடுத்தாற்போல் சாவி வெட்டிக் கொடுக்கும் பெட்டிக்கடை அவருடையது. பெய்ஷானைவிட இரண்டு வயது இளையவர், ஒல்லி, பயந்த சுபாவம். கவிழ்ந்த மேசை இரண்டுக்கு அடியில் கிடந்து எழுந்தவர் வேறு. மதியம் கடையைச் சாத்திவிட்டு வருவார், முழங்கால் இரண்டையும் சேர்த்து வைத்துப் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி உட்காருவார், ஒரு கோப்பைத் தேநீர் குடிப்பார், போய்விடுவார்.

ஒரு நாள் தேநீரை வைக்கக் குனிந்தபோது அவர் சட்டையின் உள்பையிலிருந்து ஒரு கட்டு எழுத்துச் சீட்டு நழுவித் தரையில் சிதறியது. குவாங் முகம் வெளுத்துப் போயிற்று. ஃபெங்தாவ் துடைப்பத்தை எடுத்தாள். மனுஷன் மண்டியிட்டு அவசர அவசரமாகப் பொறுக்கினார். பொறுக்கினவர், முப்பது வருஷப் பழக்கம், கை தானாகச் சீட்டை இரண்டாகப் பிரித்துச் சரசரவென்று கலைத்துவிட்டது. அந்தச் சத்தத்துக்கு, நாற்காலிக் கைப்பிடியில் துவைத்துப் போட்ட துணி மாதிரி கிடந்த பெய்ஷானின் வலது ஆள்காட்டி விரல் ஒரு தடவை துள்ளியது.

ஃபெங்தாவ் துடைப்பத்தைக் கீழே போட்டாள். இன்னொரு தடவை கலைக்கச் சொன்னாள். குவாங் இது ஏதோ தண்டனை என்று நினைத்துக்கொண்டு, தெரியாமல் நடந்துவிட்டது, கிளம்புகிறேன் என்று கெஞ்சினார். அவள் போட்ட அதட்டலில் கலைத்தார். விரல் திரும்பவும் துள்ளியது. சுவரைப் பார்த்திருந்த முகம் மெல்லத் திரும்பியது.

மறுநாளே குவாங் அவரைச் சக்கர நாற்காலியில் வைத்துப் பாலத்தைத் தாண்டிச் சீட்டு மண்டபத்துக்குத் தள்ளிக்கொண்டு போனார். அங்கே இரண்டு நாள் எல்லாரும் நல்லபடிதான் நடந்துகொண்டார்கள். ஆனால் பெய்ஷான் இடது கையால் ஒரு சீட்டை உருவி வைப்பதற்குள் பக்கத்து மேசையில் ஒரு ஆட்டமே முடிந்துவிடும். மூன்றாம் நாள் ஒருவருக்கு மருமகள் வருகிறாள், இன்னொருவருக்குப் பல் வலி. இவர்களோடு எப்போதும் ஆடும் பழைய மூன்றாவது ஆள், பேரனைப் பார்த்துக்கொள்ள ஷென்ஜென்னுக்குப் போய் ஒரு வருஷம் ஆகிறது. குவாங் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நாற்காலியைத் திரும்பத் தள்ளிக்கொண்டு வந்தார்.

கடை வாசலில் ஃபெங்தாவ் கிண்ணம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அந்த எழவு ஆட்டத்துக்கு எத்தன பேர் வேணும்?"

"மூணு பேர் அண்ணி."

"எண்ணு. நீ ஒண்ணு. இந்தக் கெழட்டுப் பிசாசு ரெண்டு. நான் மூணு."

அதைக் கேட்ட அதிர்ச்சியில் குவாங் நாற்காலியின் பிரேக்கைப் போட மறந்துவிட்டார். பெய்ஷான் மெதுவாகச் சரிவில் உருண்டு பழக்கடைக்காரியின் தர்ப்பூசணிக் குவியலில் போய் முட்டி நின்றார்.

ஃபெங்தாவ் நிபந்தனை போட்டாள். பணம் வைத்து ஆடக் கூடாது. தோற்றவர்கள் முகத்தில் ஆளுக்கொரு காகிதத் துண்டு ஒட்ட வேண்டும், பசைக்கு நூடுல்ஸ் வடித்த கஞ்சி. மதியம் இரண்டிலிருந்து ஐந்து வரைக்கும்தான் ஆட்டம். பெய்ஷானால் இருபது சீட்டை விசிறியாகப் பிடிக்க முடியாதே என்று குவாங் தயங்கியபோது, உள்ளே போய் ஒரு பெரிய வெள்ளை முள்ளங்கியைக் கொண்டுவந்து நீளவாக்கில் இரண்டு கீறல் கீறி மேசையில் வைத்தாள். சீட்டெல்லாம் அதில் வரிசையாக நின்றன. அரசாங்க ஆஸ்பத்திரியில்கூட இப்படி ஒரு சாதனம் கிடையாது.

ஆக, ஐம்பத்தேழு வயதில் ஃபெங்தாவ் சீட்டுக் கற்றுக்கொள்ள உட்கார்ந்தாள். ஒன்று முதல் பத்து வரை எண்கள், சின்ன எழுத்தில் நான்கு நான்கு, பெரிய எழுத்தில் நான்கு நான்கு. இரண்டும் ஏழும் பத்தும் சிவப்பு, மற்றதெல்லாம் கறுப்பு. ஒன்று இரண்டு மூன்று என்பது போல வரிசையாக மூன்று எண் சேர்ந்தால் ஒரு செட்டு. சிவப்பு மூன்றும் சேர்ந்தால் ஒரு செட்டு. ஒரே எண் மூன்று வந்தால் ராஜயோகம். பதினைந்து புள்ளி சேர்ந்தால் ஆட்டத்தை முடிக்கலாம். இவ்வளவுதான். இதைச் சொல்லிக்கொடுக்கக் குவாங்குக்கு நாலு நாள் ஆயிற்று. அவள் மந்தம் இல்லை, அவர் பயம்தான் காரணம். அவள் தப்பாக ஒரு சீட்டைப் போட்டால், தப்பு என்று சொல்ல அவருக்கு வாய் வராது, இருமுவார். பெரிய தப்பென்றால் இரண்டு தடவை இருமுவார். இரண்டாம் நாள் ஃபெங்தாவ் மருந்துக் கடையிலிருந்து இருமல் மருந்து வாங்கி வந்து அவர் முன்னால் வைத்தாள். அதற்குப் பின்தான் வாய் திறந்தார்.

ஒரு விதி மட்டும் அவளுக்குப் பிடிக்கவே இல்லை. நடுவில் கவிழ்த்து வைத்த சீட்டுக் கட்டிலிருந்து ஒன்றைத் திருப்பும்போது உனக்கு வேண்டியது வந்தால் அப்போதே எடுத்துவிட வேண்டும். எடுக்காமல் விட்டால், அதே சீட்டு அந்த ஆட்டத்தில் திரும்ப வந்தாலும் தொடக் கூடாது.

"இது என்ன நியாயம்? வேணாம்னு சொன்ன மாப்பிள்ளையவே நாலு வருஷம் கழிச்சுக் கட்டிக்கிறாளுங்க. ஒரு சீட்ட எடுக்கக் கூடாதா?"

எடுக்கக் கூடாது என்று பெய்ஷான் தலையை ஆட்டினார். அதற்கு மட்டும் ரொம்ப உறுதியாக ஆட்டினார்.

முதல் வாரம் முழுக்க அவள் முகம் காகிதக் கடையாக இருந்தது. ஒட்டிய துண்டுகளோடேயே எழுந்து போய்க் காய்கறிக்காரனிடம் பேரம் பேசினாள். அவன் பயந்துபோய்க் கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டான். இரண்டாம் வாரம்தான் குவாங் ஒன்றைக் கண்டுபிடித்தார். இந்தப் பெண்பிள்ளைக்கு வந்த சீட்டெல்லாம் மனசில் நிற்கிறது. யார் எதைத் திருப்பினார்கள், யார் எதை விட்டார்கள், இன்னும் என்ன பாக்கி, எல்லாம். எப்படி என்று கேட்டார். அவளுக்கே ஆச்சரியம். காலை நேரத்தில் நாற்பது பேர் வருகிறார்கள், ஒருவருக்குக் காரம் குறைவு, ஒருவருக்குக் கொத்தமல்லி ஆகாது, ஒருவருக்குப் புளித்த பீன்ஸ் இரண்டு கரண்டி. இருபத்தாறு வருஷமாக எழுதி வைத்தா பரிமாறுகிறாள்? சீட்டு எண்பதுதான். அதிலும் சீட்டு குறை சொல்வதில்லை.

அப்புறம் அவளுக்குப் பைத்தியம் பிடித்தது. வேறு வார்த்தையில்லை. அடுப்பு மூட்டும்போது நேற்றைய ஆட்டம், எலும்பு வெட்டும்போது அதற்கு முந்தின ஆட்டம். கொத்தமல்லி ஆகாதவர் கிண்ணத்தில் கொத்தமல்லி மலை போலக் கிடந்தது, வாழ்க்கையில் முதல் தடவையாக. அவர் புகார் சொன்னபோது, அந்தப் பெரிய எட்டை விட்டிருக்கக் கூடாது என்று பதில் சொன்னாள். முப்பத்தோரு வருஷம் எதைத் திட்டினாளோ அதில் இவ்வளவு சந்தோஷம் இருந்திருக்கிறது. இந்த மனுஷன் ஒரு நாளாவது உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்திருக்கலாமே என்று அவர் மேல் புதுக் கோபம் வந்தது.

ஆனால் எதற்காக உட்கார்ந்தாளோ அது நடக்கவில்லை. சீட்டைக் கலைத்தால் விரல் துள்ளும். அவ்வளவுதான். சீட்டை எடுப்பது, செருகுவது எல்லாம் இடது கைதான். ஐந்தாவது மாதம் முடியப் போகிறது. பெய்ஷான் வேறு தோற்றுக்கொண்டே இருந்தார். ஜெயித்தால் உற்சாகம் வரும், உற்சாகம் வந்தால் கை வரும் என்று அவளாக ஒரு கணக்குப் போட்டாள்.

அன்றைக்கு அவள் முறை, சீட்டுக் கட்டிலிருந்து ஒன்றைத் திருப்பினாள். பெரிய ஏழு. சிவப்பு. அவள் கையில் பெரிய இரண்டும் பெரிய பத்தும் அதற்காகவே காத்திருந்தன. அவளுக்கு அடுத்தவர் பெய்ஷான், அவரிடம் பெரிய ஆறும் பெரிய எட்டும் இருக்கிறது, இந்த ஏழு கிடைத்தால் அவர் முடித்துவிடுவார் என்று அவளுக்குத் தெரியும். எனக்கு வேண்டாம் என்று விட்டுவிட்டாள். பெய்ஷான் எடுத்தார், முடித்தார். கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. அவளுக்கு மனசு அப்படியே உருகிவிட்டது. அந்தச் சந்தோஷத்தில், கையிலிருந்த சீட்டையெல்லாம் முகம் மேலே தெரிய மேசையில் போட்டாள்.

பெரிய இரண்டும் பெரிய பத்தும் பக்கத்துப் பக்கத்தில் விழுந்தன. ஆட்டம் தெரிந்த எவளும், விட்டால் திரும்பத் தொட முடியாத சீட்டை, கையில் ஜோடியை வைத்துக்கொண்டு விடமாட்டாள். பெய்ஷான் அந்த இரண்டையும் பார்த்தார். அவளைப் பார்த்தார். கழுத்திலிருந்து நெற்றி வரைக்கும் சிவந்தது. ஐந்து மாதத்தில் அவர் வாயிலிருந்து முழுசாக வந்த முதல் பேச்சு அப்போதுதான் வந்தது.

"பிச்ச... போடாத."

இடது கையால் முள்ளங்கியைத் தள்ளிவிட்டார். நாற்காலியைத் திருப்பச் சொல்லி முனகினார். குவாங் திருப்பினார். திரும்பவும் சுவர்.

ஐந்து நாள் அவர் சீட்டைத் தொடவில்லை. பிசியோதெரபிப் பெண்ணுக்குக் கையைக்கூடக் கொடுக்கவில்லை. ஃபெங்தாவ் சாப்பாடு ஊட்டினால் வாயைத் திறந்தார், கண்ணைத் திறக்கவில்லை. அவளுக்கு வெட்கமாக இருந்தது. கோபித்துக்கொள்ள ஆசைப்பட்டாள், முடியவில்லை, ஏனென்றால் தப்பு தன் பக்கம்தான் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. ஊரே இந்த மனுஷனுக்கு விட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. சாலையில் வழி விடுகிறார்கள், பேச்சில் ஆமாம் போடுகிறார்கள். பெண்டாட்டியுமா?

ஆறாம் நாள் குவாங் பெட்டிக்கடையில் ஒரு சாவியை அரத்தால் தேய்த்துக்கொண்டே, நிமிர்ந்து பார்க்காமல் சொன்னார்.

"முப்பது வருஷம் அவர்கூட ஆடியிருக்கேன் அண்ணி. ஒரு தடவைகூட விட்டுக் குடுத்ததில்ல. அதனாலதான் இன்னும் என்ன மனுஷனா மதிக்கிறாரு."

அன்று மதியம் ஃபெங்தாவ் நாற்காலியைத் திருப்பவில்லை. மேசையைத் தூக்கினாள். நூடுல்ஸ் கிளறிக் கிளறி உரமேறின கை, மேசையைத் தூக்குவதில் பயிற்சியும் உண்டு. கொண்டுபோய்ச் சுவருக்கும் அவருக்கும் நடுவில் போட்டாள். புது முள்ளங்கி கீறி வைத்தாள்.

"நீ திரும்ப வேணாம்யா. மேசையே வந்துருச்சு. அன்னிக்கு நான் செஞ்சது தப்பு. இனிமே ஒரு சீட்டு விட மாட்டேன். உன் தோல உரிக்கப் போறேன், பாத்துக்க."

பெய்ஷானால் சுவரைப் பார்க்க முடியவில்லை, இவள் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சற்று நேரம் அவள் முகத்தையே பார்த்தார். பிறகு சீட்டைக் கலைக்கச் சொல்லிக் குவாங்குக்குத் தாடையால் சைகை காட்டினார்.

சொன்னபடியே உரித்தாள். ஒரே நாளில் பதினோரு ஆட்டம் வரிசையாக ஜெயித்தாள். பெய்ஷானின் நெற்றி, கன்னம், மூக்கு, தாடை எல்லாம் காகிதம். மின்விசிறிக் காற்றில் எல்லாம் படபடவென்று ஆட, கோவில் வாசலில் கட்டின தோரணம் மாதிரி உட்கார்ந்திருந்தார். மணியார்டர் கொடுக்க வந்த தபால்காரர் இவரிடம் கையெழுத்து வாங்குவதா கும்பிடு போடுவதா என்று குழம்பி நின்றார். குவாங்குக்கும் விதிவிலக்கு இல்லை, ஆனால் அவர் ஒட்டின காகிதத்தோடு சாவி வெட்டுவதில் எந்தச் சிரமமும் படவில்லை.

தோல்வி பெய்ஷானுக்கு நன்றாக வேலை செய்தது. ராத்திரிச் சாப்பாட்டில் இரண்டாவது கிண்ணம் கேட்டார். கோபத்தில் நாக்கு தெளிய ஆரம்பித்தது. அவர் வாயில் முதலில் சுத்தமாக வந்தது கெட்ட வார்த்தைதான், அதுவும் பேருந்து ஓட்டுகிறவர்களின் கெட்ட வார்த்தை. பிசியோதெரபிப் பெண் அதைக் கேட்டுவிட்டுச் சந்தோஷமாகக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள். தெருக்காரர்கள் மதியம் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு வேடிக்கை பார்க்க வந்தார்கள். யார் ஜெயிக்கிறார்களோ அவர்களுக்கு ஒத்து ஊதினார்கள், அது ஊர் வழக்கம்தானே.

ஆனால் கை மட்டும் நாற்காலிக் கைப்பிடியில் அப்படியே கிடந்தது. ஆறு மாதம் முடிய இன்னும் ஒன்பது நாள் என்று ஃபெங்தாவ் ஒரு காலை நாட்காட்டியைக் கிழிக்கும்போது பார்த்தாள். சூப்பு அண்டாவின் ஆவிக்குள் முகத்தை வைத்துக்கொண்டு, இந்தப் பேச்சும் சாப்பாடும் வந்ததே போதும், பேராசைப்படக் கூடாது என்று தனக்குத் தானே சொல்லிப் பார்த்தாள். மனசு ஒப்பவில்லை. அவளுக்கு அந்தக் கை வேண்டும். அவ்வளவுதான்.

அன்று மதியம் வெயில் தாங்கவில்லை. வேடிக்கை பார்க்கிறவர்கள்கூட வரவில்லை. மூவர் மட்டும் ஆடினார்கள். பெய்ஷான் ஏழு ஆட்டம் தோற்று ஏழு காகிதத்தோடு இருந்தார், ஃபெங்தாவின் தாடையில் ஒன்றே ஒன்று. ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் சிதறின சீட்டை இடது கையால் மேசையில் தள்ளித் தள்ளிக் குவித்துக் கொடுப்பது அவர் வேலை. குவித்தார், குவாங் கலைத்தார், எட்டாவது ஆட்டம் தொடங்கியது.

ஃபெங்தாவின் கையில் சின்ன ஏழும் சின்னப் பத்தும் இருந்தன. ஒரே ஒரு சின்ன இரண்டு, சிவப்பு இரண்டு வந்தால் போதும், இருபத்தோரு புள்ளியோடு முடிப்பாள். மூன்று இரண்டுகள் வேறு செட்டுகளில் போய்விட்டன. நான்காவது வர வேண்டும். கட்டு குறைந்துகொண்டே வந்தது. வரவில்லை. கடைசிச் சீட்டும் திரும்பியது. வரவில்லை. யாரும் ஜெயிக்காமல் ஆட்டம் தீர்ந்துபோயிற்று.

அவள் எல்லாரையும் சீட்டைத் திறந்து வைக்கச் சொன்னாள். குவாங் கையில் அந்த இரண்டு இல்லை. முள்ளங்கியிலும் இல்லை. எல்லாவற்றையும் சேர்த்து எண்ணினாள். எழுபத்தொன்பது. குவாங் ஒரு தடவை எண்ணினார். எழுபத்தொன்பது. கீழே விழுந்திருக்கும் என்று அவர் மேசைக்கடியில் நுழைந்து, கைப்பேசி வெளிச்சத்தில் தேட ஆரம்பித்தார்.

ஃபெங்தாவ் பெய்ஷானைப் பார்த்தாள். இடது கை மேசை மேல் விரிந்து, பச்சைக் குழந்தை கை மாதிரி ஒன்றும் அறியாமல் கிடந்தது. முகத்தில் காகிதங்கள் ஆடின. கண் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தது, மின்விசிறியை வாழ்க்கையில் முதல் தடவை பார்க்கிறவர் மாதிரி. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது, நாற்காலிக் கைப்பிடி காலியாக இருக்கிறது. அங்கே எப்போதும் கிடக்கிற கை அங்கே இல்லை.

குனிந்து பார்த்தாள். மேசை விளிம்புக்குக் கீழே, அவர் மடியில், வலது கை இருந்தது. மூடியிருந்தது. ஐந்தரை மாதமாக மூடாத விரல்கள் ஐந்தும் மூடியிருந்தன. கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் சிவப்பு எழுத்தின் ஒரு முனை தெரிந்தது. சீட்டைக் குவிக்கும்போது இடது கை திருடிக் கொண்டுபோய்க் கொடுத்திருக்க வேண்டும். ஆனால் பிடித்துக்கொண்டிருப்பது இந்தக் கை. ஒரு முழு ஆட்டம் நடந்து முடிகிற வரைக்கும் பிடித்துக்கொண்டிருக்கிறது.

ஒரு நொடி அவளுக்குச் சுத்தமான கோபம்தான் வந்தது. இருபத்தோரு புள்ளி. நியாயமாக ஆடி, எண்ணி, காத்திருந்தவள். முப்பது வருஷம் ஆடினவர், தோல்வி தாங்காமல் கட்டின பெண்டாட்டியிடம் திருடுகிறார். அடுத்த நொடி வந்தது அழுகையா சிரிப்பா என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

மேசைக்கடியில் கையை நீட்டி, அந்தச் சிவப்பு முனையை இரண்டு விரலால் பிடித்து இழுத்தாள். வரவில்லை. அழுத்திப் பிடித்து இழுத்தாள். அவர் விரல் மூட்டுகள் வெளுத்தன. வரவில்லை. பெய்ஷான் மின்விசிறியை விட்டுவிட்டு அவளைப் பார்த்தார். திருட்டு முழி, ஆனால் பின்வாங்குகிற முழி இல்லை.

"என்... சீட்டு," என்றார்.

"இந்தப் பக்கம் இல்ல அண்ணி," என்று கீழேயிருந்து குவாங்கின் குரல் வந்தது.

"நல்லாத் தேடு தம்பி," என்றாள். கண்ணீர் தாடையில் வழிந்து, அங்கே ஒட்டியிருந்த ஒரே காகிதத்தை நனைத்தது. பெய்ஷான் பக்கமாக இன்னும் குனிந்தாள்.

"விட்டுடாதய்யா. கெட்டியாப் புடி. நான் என்ன இழுத்தாலும் விட்டுடாத."

சொல்லிவிட்டு, மற்றக் கையையும் மேசைக்கடியில் விட்டு, இரண்டு கையாலும் இழுத்தாள்.